கியர் விழ மாட்டேங்குதா? கியர் பாக்ஸை இறக்கும் முன் ‘புஷ்’ஷைப் பாருங்க!

பழைய மாருதி 800. ஒண்ணாம் கியர் போட்டால் மூணு விழுகிறது. ரிவர்ஸ் கிடைக்க இரண்டு மூன்று முறை துழாவ வேண்டியிருக்கிறது. நியூட்ரலில் நிற்கும்போது கியர் லிவர் நாலாபக்கமும் தொளதொளவென்று ஆடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், “கியர் பாக்ஸை எறக்கிப் பாக்கோணும்ங்க” என்ற பதில் வரலாம். 20 வருஷக் காருக்கு அவ்வளவு செலவு செய்யணுமா என்ற கேள்வி வந்ததும், பலர் காரையே விற்றுவிடும் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆனால், மேலே சொன்ன மூன்று அறிகுறிகளும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கியர் பாக்ஸை அல்ல. அதற்கு வெளியே, லிவரையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் மூட்டுகளில் இருக்கும் சின்னச் சின்ன ரப்பர், நைலான் வளையங்களைத்தான். பட்டறை மொழியில் ‘கியர் லிவர் புஷ்’. விலை சில நூறு ரூபாய். வேலை அரை நாள். கியர் பாக்ஸை இறக்கி ஏற்றினால் பல ஆயிரம்.

உடுமலைப்பேட்டைக்காரர்களுக்கு இது காசு விஷயம் மட்டுமல்ல. ஊரிலிருந்து தெற்கே போனால் சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்கு மலைப்பாதை. மேற்கே பொள்ளாச்சி போய் ஆழியாறைத் தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் ஒரு கியர் தவறினால் பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அவ்வளவுதான். இறக்கத்தில் தவறினால் கதை வேறு.

புஷ் என்றால் என்ன, அது எங்கே இருக்கிறது?

மாருதி 800 போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் இன்ஜினும் கியர் பாக்ஸும் பானெட்டுக்குள் குறுக்காகப் படுத்திருக்கும். கியர் லிவரோ டிரைவருக்குப் பக்கத்தில், தரையில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே காரின் அடிப்பக்கமாக ஒரு நீண்ட கம்பி ஓடுகிறது. இதுதான் கியர் ராடு.

லிவரை முன்னும் பின்னும் அசைத்தால் அந்தக் கம்பி தள்ளப்படுகிறது, இழுக்கப்படுகிறது. இடம் வலமாக அசைத்தால் கம்பி லேசாக முறுக்கிக்கொள்கிறது. முறுக்கல்தான் எந்த வரிசை என்பதை முடிவு செய்கிறது: ஒண்ணு–ரெண்டா, மூணு–நாலா, ரிவர்ஸா. தள்ளலும் இழுப்பும் அந்த வரிசையில் எந்தக் கியர் என்பதை முடிவு செய்கிறது.

இதோடு இன்னொரு கம்பியும் உண்டு. அது எதையும் அசைப்பதில்லை. லிவரின் அடித்தளத்தைக் கியர் பாக்ஸோடு பிடித்து வைத்திருக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் இன்ஜின் அதன் ரப்பர் மவுண்ட்களின் மேல் முன்னும் பின்னும் சாய்கிறது. லிவர் பாடியோடு மட்டும் பிணைந்திருந்தால், இன்ஜின் சாயும் ஒவ்வொரு முறையும் கியர் இழுபடும். அதைத் தடுக்கத்தான் இந்த இரண்டாவது கம்பி.

இந்தக் கம்பிகள் லிவரோடும் கியர் பாக்ஸோடும் சேரும் ஒவ்வொரு மூட்டிலும் போல்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு மெத்தை தேவை. அது சுழல விட வேண்டும், ஆனால் ஆட விடக் கூடாது. அதிர்வையும் உள்வாங்க வேண்டும். புஷ்ஷின் வேலை இதுதான்.

பின்னாளில் வந்த ஸ்விஃப்ட் போன்ற கார்களில் கம்பிக்குப் பதில் இரண்டு கேபிள்கள் இருக்கும். அங்கே கேபிள் முனையில் உள்ள கண்ணுக்குள் புஷ் இருக்கும். அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் லிவர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. மூட்டுகள் பானெட்டுக்குள் இருந்தன. அவை தேய்ந்து கியர் மாட்டிக்கொண்டால் நடுரோட்டில் பானெட்டைத் திறந்து கையால் தட்டி விடுவித்த அனுபவம் பழைய டாக்சி டிரைவர்கள் பலருக்கு உண்டு. இடம் மாறியிருக்கிறது, நோய் அதேதான்.

ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் இவ்வளவு ஆட்டமா?

ஆமாம். காரணம் நெம்புகோல் கணக்கு. ஓர் உதாரணத்துக்கு, லிவரின் குமிழிலிருந்து அது சுழலும் மூட்டு வரை 30 செ.மீ., மூட்டிலிருந்து கீழ் முனை வரை 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேல் பகுதி கீழ்ப் பகுதியைப் போல ஐந்து மடங்கு. அப்படியானால் கீழே 1 மி.மீ. இடைவெளி விழுந்தால், கையில் 5 மி.மீ. ஆட்டமாகத் தெரியும்.

மூன்று மூட்டுகளில் ஆளுக்கு 1 மி.மீ. தேய்ந்திருந்தால் மேலே 15 மி.மீ., அதாவது ஒன்றரை சென்டிமீட்டர். ஒண்ணு–ரெண்டு வரிசைக்கும் மூணு–நாலு வரிசைக்கும் குமிழில் உள்ள தூரமே சில சென்டிமீட்டர்தான். அதில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆட்டத்திலேயே போய்விட்டால், ஒண்ணுக்குத் தள்ளியது மூணில் விழுவதில் ஆச்சரியமில்லை. நீங்கள் கையால் முழுத் தூரம் தள்ளியிருப்பீர்கள். கியர் பாக்ஸுக்கு முக்கால் தூரம்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஏன் தேய்கிறது?

எண்ணெய், வெப்பம், தூசு, வயது என நான்கு எதிரிகள். இன்ஜினிலிருந்தோ கியர் பாக்ஸிலிருந்தோ கசியும் எண்ணெய் பட்டுப்பட்டு ரப்பர் ஊறி மென்மையாகிவிடும். பக்கத்தில் போகும் சைலன்சர் பைப்பின் சூட்டில் நைலான் வறண்டு விரிசல் விடும். மண் தடங்களில் தோட்டத்துக்குப் போய்வரும் கார்களிலும், ஆடி மாதக் காற்றில் புழுதி பறக்கும் உடுமலை, குடிமங்கலம் பக்கத்துச் சாலைகளிலும் தூசி மூட்டுக்குள் புகும். அது கிரீஸோடு கலந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போல ஆகிவிடும். இவை எதுவும் இல்லாமல் ஷெட்டிலேயே நிற்கும் காரிலும் ரப்பர் வயதானால் இறுகி உடையும்.

இது பழைய கார்களின் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2022 ஜூனில் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் 29 லட்சத்துக்கும் அதிகமான கார்களைத் திரும்ப அழைத்தது. கியர் கேபிளைக் கியர் பாக்ஸோடு இணைக்கும் புஷ் சிதைந்து கழன்றுவிடலாம் என்பதுதான் காரணம். அவை ஆட்டோமேட்டிக் கார்கள். லிவரை ‘பார்க்’கில் வைத்துவிட்டு டிரைவர் இறங்குவார், புஷ் கழன்றிருந்தால் கியர் பாக்ஸ் வேறு நிலையில் இருக்கும், வண்டி தானாக உருளும். புது புஷ் போட்டு, அதன் மேல் ஒரு பாதுகாப்பு மூடியும் மாட்டித் தருவதுதான் தீர்வாக அறிவிக்கப்பட்டது. விரலளவு பிளாஸ்டிக்குக்காக 29 லட்சம் வண்டிகள்!

புஷ்ஷா, கிளட்ச்சா, கியர் பாக்ஸா? வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

எல்லாக் கியர் கோளாறுக்கும் புஷ்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பிரித்துப் பார்க்காமலே ஓரளவு பிரித்தறிய முடியும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள்.

• இன்ஜினை அணைத்த நிலையில் எல்லாக் கியரும் சுலபமாக விழுகிறது, ஸ்டார்ட் செய்த பிறகு மட்டும் விழ மறுக்கிறது அல்லது ‘கர்ர்’ என்கிறதா? கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். முதலில் கிளட்ச் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பார்க்க வேண்டும்.

• ஒரே ஒரு கியர் மட்டும், அதுவும் வேகமாக மாற்றும்போது மட்டும் ‘கர்ர்’ என்கிறதா? அந்தக் கியரின் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். இது கியர் பாக்ஸுக்கு உள்ளே. புஷ் மாற்றினால் தீராது.

• ஓடும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதா? உள்ளே தேய்மானம் இருக்கலாம். ஆனால் இன்ஜின் மவுண்ட் போயிருந்தாலும், மேலே சொன்ன இரண்டாவது கம்பியின் புஷ் போயிருந்தாலும் இதே அறிகுறி வரும். மலிவானதை முதலில் பாருங்கள்.

• இன்ஜின் அணைத்திருந்தாலும் சரி, ஓடினாலும் சரி, கியரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கியரில் இருக்கும்போதே லிவர் தாராளமாக ஆடுகிறது. ஓடும்போது லிவரிலிருந்து ‘கிர்ர்’ என்று சத்தம், கை வைத்தால் நின்றுவிடுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் புஷ் போய்விட்டதற்கே வாய்ப்பு அதிகம்.

உறுதி செய்ய இரண்டு ஆள் போதும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து இன்ஜின் அணைத்த நிலையில் லிவரை மெதுவாக அசைக்க வேண்டும். இன்னொருவர் பிட்டிலிருந்தோ, ஸ்டாண்ட் கொடுத்துத் தூக்கிய வண்டிக்கு அடியிலிருந்தோ கம்பியைப் பார்க்க வேண்டும். லிவர் பக்கத்து முனை அசைந்து, கொஞ்சம் தாமதித்து மறு முனை அசைந்தால், இடையில் எந்த மூட்டு அந்த அசைவைத் தின்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

மலைப்பாதையில் இது ஏன் ஆபத்து?

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பாலபாடம். வண்டியின் வேகத்தை இன்ஜின் பிடித்து வைத்திருக்கும். பிரேக் சூடேறாமல் இருக்கும்.

வளைவுக்கு முன் மூணிலிருந்து ரெண்டுக்கு மாற்றும்போது லிவர் துழாவினால், அந்த நேரம் முழுதும் வண்டி நியூட்ரலில் ஓடுகிறது. இன்ஜின் பிடி இல்லை. வேகம் கூடுகிறது. மொத்தச் சுமையும் பிரேக்கில் விழுகிறது. ஒவ்வொரு வளைவிலும் இப்படி நடந்தால் பிரேக் சூடேறி அதன் பிடி குறையத் தொடங்கும். லிவரைத் தேடிக் கண்ணும் கையும் போகும் வினாடிகளில் சாலையில் கவனம் இருக்காது. சின்னாறு வனப்பகுதியில் குறுக்கே யானையும் வரலாம்.

இன்னொன்று, நாலிலிருந்து மூணுக்குத் தள்ளியது ஒண்ணாம் கியர் வாசலுக்குள் நுழைந்துவிட்டால், கிளட்ச்சை விட்டதும் இன்ஜின் தாங்க முடியாத வேகத்துக்குத் தள்ளப்படும். சில நூறு ரூபாய் புஷ்ஷால் இன்ஜினே கெடும் வழி இது.

மாற்றுவது எப்படி?

கை வேலை தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்யலாம். செய்யாதவர்களும் படித்து வைத்தால் பட்டறையில் என்ன நடக்கிறது என்று புரியும்.

1. பாதுகாப்பு முதலில். கம்பியைக் கழற்றிவிட்டால் கியரில் போட்டு வண்டியை நிறுத்தி வைக்க முடியாது. ஹேண்ட் பிரேக்கோடு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்; ஸ்டாண்ட் கட்டாயம். சைலன்சர் ஆறும் வரை காத்திருங்கள்.

2. கழற்றும் முன் செல்போனில் நாலு கோணத்தில் படம் எடுங்கள். வாஷர் எந்தப் பக்கம், போல்ட் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது என்பது பிறகு நினைவிருக்காது. கம்பிகள் சேரும் இடத்தில் பெயின்ட்டால் ஓர் அடையாளக் கோடு போடுங்கள்.

3. லிவரின் ரப்பர் உறையைத் தூக்கி, மேல் மூட்டையும் பாருங்கள். லிவர் சுழலும் பந்து உட்காரும் நைலான் கிண்ணம் பல கார்களில் தேய்ந்தோ உடைந்தோ இருக்கும். அடியில் உள்ளதை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டால் பாதி ஆட்டம் அப்படியே இருக்கும்.

4. பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்து, உட்காரும் துளையைத் துரு, பழைய கிரீஸ் இல்லாமல் சுத்தம் செய்யுங்கள்.

5. போல்ட்டை விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். தேய்ந்த போல்ட்டில் புது புஷ் போட்டால் ஆட்டம் குறையாது. புஷ்ஷும் சீக்கிரம் போகும்.

6. நைலான் புஷ் ஏறாமல் அடம்பிடித்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள். சில நிமிடம் சுடுநீரில் போட்டால் இளகும். வைஸில் வைத்து, சரியான அளவு சாக்கெட்டைத் துணை கொடுத்து நேராக அழுத்தினால் உட்கார்ந்துவிடும்.

7. கிரீஸ் விஷயத்தில் கவனம். சாதாரண கிரீஸ் இயற்கை ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். ரப்பருக்கு சிலிக்கான் கிரீஸ். நைலானுக்கு வழக்கமான லித்தியம் கிரீஸ் போதும்.

8. பூட்டும்போது ஸ்பிளிட் பின் இருந்தால் புதிது போடுங்கள். பழையதை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் உடைய வாய்ப்பு அதிகம். போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் புஷ் நசுங்கி லிவர் இறுகிவிடும்.

9. இன்ஜினை அணைத்த நிலையில் எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து கிளட்ச்சை மிதித்தபடி. பிறகு காலி ரோட்டில். சில நூறு கி.மீ. ஓடிய பின் போல்ட்களை ஒருமுறை சரிபார்த்தால் வேலை முடிந்தது.

கேபிள் வகைக் கார்களில் சிலவற்றுக்கு முனை புஷ் தனியாகக் கிடைக்கும். சிலவற்றுக்குக் கேபிளோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். கம்பியால் கட்டி, டேப் சுற்றி ஓட்டுவது பட்டறை வரை போய்ச் சேர உதவும். மலை ஏற உதவாது.

ஸ்பேர் கிடைக்காவிட்டால்? லேத் பட்டறை இருக்கிறதே!

மாருதி 800-ன் முதல் கார் 1983 டிசம்பர் 14 அன்று வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இடையே 25 லட்சத்துக்கும் மேல் தயாரானதால், இதற்கான புஷ் செட் இன்றும் ஸ்பேர் கடைகளில் கிடைக்கிறது. குறைவாக விற்ற பழைய கார்களுக்குத்தான் சிக்கல்.

அங்கேதான் கொங்கு நாட்டின் பலம் கைகொடுக்கிறது. பஞ்சாலைகளுக்குத் தேவைப்பட்ட உதிரி பாகங்களுக்காக வளர்ந்த வார்ப்பட, லேத் தொழில், பிறகு பம்ப் மோட்டார், வாகன பாகங்கள் என்று கோவை சுற்றுவட்டாரம் முழுதும் பரவியது. வண்டியைப் பழுது பார்த்து ஓட்டும் பழக்கமும் இங்கே புதிதல்ல. ஜி.டி. நாயுடு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கியது பொள்ளாச்சி–பழனி தடத்தில்தான். உடுமலை அந்த வழியில்தான் இருக்கிறது. தேய்ந்த புஷ்ஷைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதே அளவில் நைலான் கம்பியிலோ பித்தளையிலோ கடைந்து தரும் லேத்கள் இந்தப் பகுதியில் இன்றும் நிறைய.

எதில் கடைவது என்பதில் யோசனை தேவை. பித்தளை நீண்ட நாள் உழைக்கும், ஆட்டமே இருக்காது. ஆனால் ரப்பர் உள்வாங்கிய அதிர்வு முழுதும் இப்போது லிவருக்கு வரும். கிரீஸ் வற்றினால் போல்ட்டைத் தின்னத் தொடங்கும். நைலான் நடுவழி: அளவாக இறுக்கம், அளவாக மென்மை. சந்தையில் கிடைக்கும் பாலியூரித்தேன் புஷ் ரப்பரைவிட இறுக்கமானது, எண்ணெயையும் நன்றாகத் தாங்கும். மூட்டில் எது தேய வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும்: விலை குறைந்த புஷ்தான் தேய வேண்டும்; கம்பியோ கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டோ அல்ல. அதனால் புஷ் எப்போதும் அதைச் சுற்றியுள்ள இரும்பைவிட மென்மையாகவே இருக்கட்டும். அளவு எடுக்கும்போது தேய்ந்த பக்கத்தை விட்டு, தேயாத பக்கத்தையும் போல்ட்டின் புது அளவையும் கொடுங்கள்.

பழைய காருக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?

இது அவரவர் கணக்கு. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. பாடியில் துரு ஓட்டை விழுந்து, இன்ஜின் புகை தள்ளும் காருக்குக் கணக்கு வேறு. ஆனால் பாடியும் இன்ஜினும் நன்றாக இருக்கும் காரை, லிவர் ஆடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். வாங்குபவர் புஷ் செட் ஒன்றைப் போட்டு நல்ல விலைக்கு விற்றுவிடுவார்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

• “கியர் பாக்ஸை எறக்கறதுக்கு முன்னாடி லிவர் புஷ், ராடு புஷ், இன்ஜின் மவுண்ட் மூணையும் பாத்துட்டீங்களா?” என்று கேளுங்கள்.

• வண்டிக்கு அடியில் எந்த மூட்டு ஆடுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் மறுக்க மாட்டார்.

• கழற்றிய பழைய புஷ்ஷைக் கேட்டு வாங்குங்கள். முட்டை வடிவமாகத் தேய்ந்த துளையைக் கண்ணால் பார்த்தால் சந்தேகம் தீரும். அடுத்த முறை லேத்தில் அளவு கொடுக்கவும் உதவும்.

• ஒரு மூட்டுக்கு மட்டும் மாற்றாமல் செட்டாக மாற்றச் சொல்லுங்கள். ஒன்று போய்விட்டது என்றால் மற்றவையும் அதே வயதுதான்.

• எண்ணெய்க் கசிவு இருந்தால் முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புது ரப்பரும் ஊறிப்போகும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு குறிப்பிட்ட கியர் ‘கர்ர்’ என்றால், அப்போது கியர் பாக்ஸைப் பற்றிப் பேசலாம். மலைக்குக் கிளம்பும் திட்டம் இருந்தால் மட்டும் அதுவரை தள்ளிப்போடாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, டயர் காற்றும் பிரேக்கும் பார்ப்பதோடு லிவரையும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். இரண்டே நிமிட வேலை.